பழைய வேர்க்ஸ்ரேசனுக்கு பயோஸ் அப்டேற் போட முதல் (போட்டுட்டு முழிச்சுக்கொண்டு இருக்கிற ஆக்களுக்கும்)

"அண்ணை பயோஸ் அப்டேற் போட்டனான், அண்டையில இருந்து மெஷின் தன்ர பாட்டில றீஸ்ராட் ஆகுது." மாசத்துக்கு ஒருக்காவாவது எனக்கு உந்தக் கோல் வரும். பயோஸ் எண்டது மதர்போட்டில ஒரு சிப்புக்குள்ள இருந்து மெஷினை முதல்ல எழுப்பி விடுற சின்னப் புறோகிராம். எங்கட பக்கம் இப்ப வீடியோ எடிற் பண்ணுற ஸ்ரூடியோக்காரர், ஓட்டோகாட் கீறுற பெடியள், பெரிய பிரிண்டிங் வேலை செய்யுற ஆக்கள் எண்டு கனபேரிட்ட இருக்கிறது கொழும்பால வாற செக்கண்ட்ஹாண்ட் வேர்க்ஸ்ரேசன் (பாரமான வேலைக்கெண்டு செய்த கொம்பியூட்டர்) தான், எச்.பி. இசட் 420, இசட் 440, டெல் பிறிசிசன் ரி3600, ரி5810 அந்த இனம். 2012இலயும் 2014இலயும் வந்த சாமான், வெளிநாட்டில ஒபிசுகளில பாவிச்சுக் கழிச்சது, ஆனா இன்ரெல்லின்ர சியோன் பிறசெசரும் ஈ.சி.சி. (பிழையைத் தானே திருத்துற) றாமும் தடிச்ச பவர் சப்ளையும் எண்டு பாத்தா அந்தக் காசுக்கு புதுசில உப்பிடி ஒண்டு வாங்கேலாது. நல்ல மெஷினுகள். ஆனா வயசு போன மெஷினுகள், அதை மறந்துபோயிட்டு நேற்று வாங்கின லப்ரொப்புக்கு அப்டேற் போடுற மாதிரிப் போடேக்க தான் கரைச்சல் தொடங்கும்.

என்ர அனுபவத்தில அப்டேற்றால தான் மெஷின் பழுதாப்போனது எண்டு வாற கேஸ்களில முக்காவாசி அப்டேற்றின்ர பிழை இல்லை. ஒண்டில் மெஷின் முந்தியே தளம்பிக்கொண்டு இருந்திருக்கும், ஆரும் கவனிக்காமல் விட்டிருப்பினம், இல்லாட்டி அப்டேற் போட்டதில நீங்கள் மாத்தி வச்ச செற்றிங் எல்லாம் அழிஞ்சு டிபோல்ற் நிலைக்குப் போயிருக்கும். நானும் உதில ஏமாந்தனான். கொக்குவில்ல என்ர மச்சான்ர ஸ்ரூடியோ மெஷினுக்கு நான் தான் அப்டேற் போட்டனான், அடுத்த நாளே சாமத்திய வீட்டு வீடியோ ஒண்டு ரெண்டர் பண்ணேக்க மூண்டு தரம் நிண்டுட்டுது. நான் விண்டோஸ் திருப்பிப் போட்டு, பழைய பயோசைத் திருப்பிப் போட்டு, ரெண்டு நாள் மினக்கெட்டும் சரிவரேல்ல. பேந்து தேத்தண்ணி குடிக்கேக்க மச்சான் சும்மா ஒரு கதையாச் சொல்லுறான், முந்தியும் கிழமைக்கு ஒருக்கா நிக்கிறது தானாம், கரண்ட் கூடிக் குறையுது எண்டு நினைச்சவங்களாம்! றாம் நாலையும் கழட்டிப் பாத்தா ஒண்டின்ர கால் எல்லாம் கறுத்துப்போய் இருக்கு. அழிறப்பரால தேய்ச்சுப் போட்டு விட்டன், இண்டு வரைக்கும் நிக்கேல்ல. அதால இப்ப நான் ஆற்ற மெஷினா இருந்தாலும் அப்டேற் போட முதல் மெஷின் இப்ப உறுதியா நிக்குதோ எண்டு தான் முதல்ல பாக்கிறது.

முதல்ல, ஏன் போடப் போறியள்?

சும்மா புது வேர்சன் இருக்கு எண்டதுக்காகப் போடாதேங்கோ. வேலை செய்யுற மெஷினில கை வச்சு ஏன் சோலியை விலைக்கு வாங்குவான். புது பிறசெசர் மாத்தப் போறியள், பெரிய றாம் எடுக்குதில்லை, பாதுகாப்புப் பிழை ஒண்டு திருத்தியிருக்கினம், உங்கட மெஷினில இருக்கிற அதே பிரச்சினை அந்த வேர்சன்ர குறிப்பில எழுதியிருக்கு, உப்பிடி ஒரு காரணம் இருக்கோணும்.

விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போட் முடிஞ்சுது, அதால விண்டோஸ் 11 போட ஏலும் எண்டு நினைச்சு பயோஸ் அப்டேற் போடுற ஆக்கள் இப்ப கூட. அது சரிவராது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொவ்ற் கேக்கிறது ரி.பி.எம். 2.0 எண்ட பாதுகாப்புச் சிப்பும், இன்ரெல் எண்டா எட்டாம் தலைமுறையும் அதுக்குப் பிறகும். இந்த மெஷினுகளில இருக்கிற சியோன் ஈ5இன்ர முதல் வேர்சனோ, வி2வோ வி3யோ அந்த லிஸ்ற்றில இல்லை, எத்தினை பயோஸ் போட்டாலும் வராது. குறுக்கு வழியால போடுறது வேற கதை, அதுக்கும் பயோஸ் வேர்சனுக்கும் பெரிசாச் சம்பந்தம் இல்லை.

பிறசெசர் மாத்துற ஆக்களுக்கும் ஒரு விசயம். இசட் 420, இசட் 620 வச்சிருந்தா பயோசுக்குள்ள சிஸ்ரம் இன்போமேசனில பூட் புளொக் டேற் எண்டு ஒண்டு இருக்கும் பாருங்கோ, பூட் புளொக் எண்டது பயோசில முதல்ல ஓடுற பகுதி. 2013 எண்டு இருந்தா தான் வி2 பிறசெசர் வேலை செய்யும், 2011 எண்டு இருந்தா செய்யாது. வழமையான பயோஸ் அப்டேற் அந்தப் பூட் புளொக்கைத் தொடாது. இது தெரியாமல் வி2 பிறசெசருக்குக் காசைக் குடுத்திட்டு, கடைசிப் பயோசும் போட்டுட்டு, மொனிட்டர் ஏன் கறுப்பா நிக்குது எண்டு தலையில கை வச்ச ஆக்களை நான் கண்டிருக்கிறன்.

போட வேணாம் எண்டு சொல்லுற எனக்கே கட்டாயம் போடுங்கோ எண்டு சொல்லுற ஒரு இடம் இருக்கு. 2018 ஜனவரியில மெல்ற்டவுண், ஸ்பெக்ரர் எண்டு பிறசெசர் ஓட்டையள் வெளியில வந்தது ஞாபகம் இருக்கும். அதுக்கு இன்ரெல் அவசரமா விட்ட மைக்ரோகோட்டால (பயோசோட வாற பிறசெசர் திருத்தம்) ஹாஸ்வெல், புரோட்வெல் மெஷினுகள் காரணமில்லாமல் றீஸ்ராட் ஆகத் தொடங்கி, அந்த மாசம் 22ஆம் திகதி இன்ரெல்லே அதைப் போடாதேங்கோ எண்டு அறிவிச்சது, மெஷின் செய்யுற கொம்பனியளும் அந்த பயோசுகளைத் திருப்பி எடுத்தவை. இசட் 440, ரி5810 ரெண்டும் அந்தப் பிறசெசர் இனம் தான். செக்கண்ட்ஹாண்டா வாற மெஷினில சிலவேளை அந்த மாசத்துப் பயோஸ் அப்பிடியே கிடக்கும். விண்டோஸ் ரன்னில எம்.எஸ். இன்போ 32 (msinfo32) எண்டு அடிச்சா வேர்சனும் திகதியும் காட்டும். 2018 ஜனவரி எண்டு நிண்டா யோசிக்காமல் அதுக்குப் பிந்தினதுக்குப் போங்கோ. பயோஸ் அப்டேற் உண்மையாவே மெஷினைத் தளம்ப வச்ச கேஸ் உது தான், அதுக்கு மருந்தும் அடுத்த அப்டேற் தான்.

போட முதல் மெஷினைப் பாக்கிறது

இதுக்கு ஒரு இரவு வேணும், அவசரப்படாதேங்கோ. முதல்ல கேஸைத் திறந்து புழுதியைத் தட்டுங்கோ. எங்கட ஊரில வெயில் காலத்துப் புழுதியும் கடற்கரைப் பக்கம் எண்டா உப்புக் காத்தும் சேந்து மதர்போட்டை என்ன பாடு படுத்தும் எண்டு பருத்தித்துறை ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ. றாமைக் கழட்டி காலைத் துடைச்சு திருப்பி வடிவா இறுக்கிப் போடுங்கோ. பிறசெசர் பேஸ்ற் பத்து வருசத்தில காஞ்சு சுண்ணாம்பு மாதிரிப் போயிருக்கும், அதையும் மாத்துங்கோ.

பிறகு மதர்போட்டில இருக்கிற வட்டப் பற்றரி, சி.ஆர். 2032. மூண்டு வோல்ற் பற்றரி அது, மீற்றரில 2.8க்குக் கீழ காட்டினா தூக்கி எறிஞ்சுபோட்டுப் புதுசு போடுங்கோ, கடையில சில்லறைக் காசு. பற்றரி செத்த மெஷின் ஒவ்வொரு தரமும் கரண்டைக் கழட்டேக்க செற்றிங்கை மறக்கும், நீங்கள் அது அப்டேற்றின்ர வேலை எண்டு நினைப்பியள்.

இரவு றாமைச் சோதிக்கிற மெம்ரெஸ்ற் புறோகிராமைப் போட்டுவிட்டுட்டுப் படுங்கோ, நாலு சுத்தாவது ஓடோணும், ஒரு பிழை காட்டினாலும் அப்டேற் கதையே வேணாம், முதல்ல றாம். அடுத்த நாள் உங்கட உண்மையான வேலையை, பெரிய ரெண்டர் ஒண்டை, மூண்டு நாலு மணித்தியாலம் ஓட விட்டு சூட்டைப் பாருங்கோ. அதோட விண்டோசின்ர ஈவென்ற் வியூவரில சிஸ்ரம் லொக்கைத் திறந்து பாருங்கோ. கேர்னல் பவர் 41 எண்டு கனக்க இருக்கும், அதைக் கண்டு பயப்பிட வேணாம், மெஷின் ஒழுங்கா மூடாமல் நிண்டுது எண்டு மட்டும் தான் அது சொல்லும், ஏன் எண்டு சொல்லாது, எங்கட ஊரில கரண்ட் போற நேரமெல்லாம் உது ஏறும். ஆனா டபிள்யூ.எச்.ஈ.ஏ. லொகர் எண்டு இருந்தா நிண்டு வாசியுங்கோ, அது பிறசெசர், றாம், காட் போடுற சொக்கற் எதோ பிழை சொல்லுது எண்டு ஹாட்வெயாரே முறைப்பாடு குடுக்கிறது. அந்தத் திகதி நேரம் எல்லாத்தையும் எழுதி வையுங்கோ, பிறகு ஒப்பிட்டுப் பாக்க உதவும்.

கரண்ட்

உது இல்லாட்டி மிச்சம் ஒண்டும் பிரியோசனம் இல்லை. பயோஸ் சிப்பை அழிச்சு எழுதிக்கொண்டு இருக்கேக்க கரண்ட் போனா மெஷின் செங்கல்லு தான். 2022இல நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலம் போயிட்டுது எண்டாலும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகல்ல, பாணந்துறை உபமின்நிலையத்தில ஒரு குரங்கு பாஞ்சு நாடு முழுக்க இருண்டதை ஆரும் மறந்திருக்க மாட்டியள். அறிவிச்சல் இல்லாமல் வாறது தான் வில்லங்கம்.

அதால யூ.பி.எஸ். கட்டாயம். ஆனா யூ.பி.எஸ். இருக்கு எண்டது காணாது. சாதாரண 650 வி.ஏ. யூ.பி.எஸ்ஸுக்குள்ள இருக்கிற 12 வோல்ற் 7 ஏ.எச். பற்றரி எங்கட வெக்கைக்கு ரெண்டு மூண்டு வருசத்தில செத்துப்போகும், லைற் மட்டும் பச்சையா எரிஞ்சு எங்களைப் பேய்க்காட்டும். மற்றது, வேர்க்ஸ்ரேசனுகளின்ர பவர் சப்ளை அக்ரிவ் பி.எஃப்.சி. (கரண்டைச் சீரா இழுக்கிற) இனம், மலிவு யூ.பி.எஸ். பற்றரிக்கு மாறேக்க குடுக்கிற கரடுமுரடான அலைக்கு சில சப்ளை ஒத்துவராமல் டக்கெண்டு நிண்டுபோடும். ஆகவே முதல் நாள் சோதிச்சுப் பாருங்கோ, மெஷினில ஒரு வீடியோ ஓட விட்டுட்டு யூ.பி.எஸ். பிளக்கை சுவரில இருந்து கழட்டுங்கோ. பத்து நிமிசம் அசையாமல் நிண்டா நல்லம். நிக்காட்டி ஆரிட்டையும் நல்லது ஒண்டு இரவல் வாங்குங்கோ. சோலர் இன்வேர்ட்டர் பற்றரியோட வச்சிருக்கிற வீடு எண்டா மெஷினைத் தூக்கிக்கொண்டு அங்க போங்கோ, நான் ஒருக்கா திருநெல்வேலியில தெரிஞ்ச ஒரு மாமா வீட்டு விறாந்தையில வச்சுத் தான் செய்தனான், மாமி தந்த தேத்தண்ணியும் சேத்து.

நேரமும் பாருங்கோ. பின்னேரம் எல்லாரும் கிணத்து மோட்டரைப் போட்டு மரக்கறிக்குத் தண்ணி விடுற நேரம் வோல்ற்றேச் விழும். ஐப்பசி கார்த்திகையில மத்தியானத்துக்குப் பிறகு இடி. விடிய ஒன்பது பத்து மணி தான் எனக்குப் பிடிச்ச நேரம்.

போடுறது

பயோசுக்குள்ள போய் ஒவ்வொரு பக்கத்தையும் போனால படம் எடுங்கோ. சோம்பல்படாதேங்கோ, எல்லாப் பக்கமும். அதிலயும் சாட்டா மோட் (டிஸ்க்கோட கதைக்கிற முறை) ஏ.எச்.சி.ஐ.யோ றெயிட்டோ எண்டது, மெஷின் எழும்புற முறை பழைய லெகசியோ புது யூ.ஈ.எஃப்.ஐ.யோ எண்டது, செக்கியூர் பூட், பூட் ஒழுங்கு, இந்த நாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும். எச்.பி.யில செற்றிங்கை யூ.எஸ்.பி.யில சேமிக்கிற வசதியும் பயோசின்ர பைல் மெனுவில இருக்கு. செக்கண்ட்ஹாண்ட் மெஷினில முந்தின ஒபிசின்ர பயோஸ் பாஸ்வேர்ட் இருந்தா அப்டேற் போட விடாது, மதர்போட்டில பி.எஸ்.டபிள்யூ.டி. எண்டு எழுதின ஜம்பர் இருக்கும், அந்த மொடலின்ர சேர்விஸ் மனுவலைப் பாத்து அதால எடுக்கலாம்.

பிற்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா அதை சஸ்பெண்ட் பண்ணுங்கோ. பண்ணாமல் போட்டா அடுத்த தரம் 48 இலக்கத் திறப்பைக் கேட்டுக்கொண்டு நிக்கும், அது எங்க இருக்கெண்டு உங்களுக்குத் தெரியாது எண்டா பைல் எல்லாம் போன மாதிரித் தான். அதோட டேற்றா முழுக்க வெளி டிஸ்க்கில ஒரு கொப்பி.

பைலை மெஷின் செய்த கொம்பனியின்ர வெப்சைற்றில மட்டும் எடுங்கோ, மொடல் இலக்கம் எழுத்துக்கு எழுத்துப் பாத்து. போன் ஹொட்ஸ்பொற்றால எடுக்கேக்க அரைகுறையா இறங்கிறதும் நடக்கும், வெப்சைற்றில ஷா 256 இலக்கம் (பைல் முழுசோ எண்டு பாக்கிற இலக்கம்) போட்டிருந்தா பவர்ஷெல்லில கெற் பைல்ஹாஷ் (Get-FileHash) கட்டளையால ஒப்பிட்டுப் பாருங்கோ. மற்றது குறிப்பை வாசியுங்கோ. கனகாலம் அப்டேற் போடாத மெஷினுக்கு நேரடியாக் கடைசி வேர்சனுக்குத் தாவ வேணாம், இடையில இன்னதைப் போட்டுட்டு வா எண்டு சில மொடலுக்கு எழுதியிருப்பினம். சில வேர்சனுக்குப் போனா திரும்பி வரவே ஏலாது எண்டும் எழுதியிருப்பினம், அதையும் பாத்துட்டுக் கை வையுங்கோ.

விண்டோசுக்குள்ள இருந்து போடாமல் பயோசுக்குள்ள இருந்தே போடுறது தான் நல்லம், அன்ரிவைரசும் வேற புறோகிராமுகளும் குறுக்க வராது. எட்டு ஜி.பி. யூ.எஸ்.பி. ஒண்டை எஃப்.ஏ.ரி. 32 ஆ போமற் பண்ணி, பைலை வெப்சைற்றில சொன்ன இடத்தில போட்டு, பின்பக்கக் கறுப்பு யூ.எஸ்.பி. சொக்கற்றில குத்துங்கோ. எச்.பி. இசட் 420இல எஃப் 10, பைல் மெனு, பிளாஷ் சிஸ்ரம் றொம். டெல் எண்டா எஃப் 12 அடிச்சு பயோஸ் பிளாஷ் அப்டேற். தேவையில்லாத யூ.எஸ்.பி. சாமான், வெளி டிஸ்க் எல்லாத்தையும் கழட்டி விடுங்கோ. பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருங்கோ.

எழுதி முடிஞ்சு முதல் தரம் எழும்பேக்க மொனிட்டர் கறுப்பா நிக்கும், ஃபான் கத்தும், தானா நிண்டு தானா எழும்பும், 64 ஜி.பி. ஈ.சி.சி. றாம் போட்ட மெஷின் எண்டா றாமைத் திருப்பிப் படிக்க நேரம் எடுக்கும். இந்த இடத்தில தான் கனபேர் பதறி பட்டனை அமத்தி மெஷினைக் கொல்லுறது. ஆகக் குறைஞ்சது 15 நிமிசம் தொடாதேங்கோ.

போட்ட பிறகு தளம்பினா

எழும்பின உடன பயோசுக்குள்ள போய் டிபோல்ற் செற்றிங்கை ஒருக்கா ஏத்தி, சேமிச்சு, பிறகு போன் படத்தைப் பாத்து ஒவ்வொண்டாத் திருப்பிப் போடுங்கோ. விண்டோஸ் நீலத்திரை போட்டு இன்அக்செசிபிள் பூட் டிவைஸ் எண்டு சொன்னா பத்துக்கு ஒன்பது தரம் சாட்டா மோட் மாறியிருக்கும், பழையபடி மாத்தினாச் சரி, விண்டோஸ் திருப்பிப் போட வேணாம். லைற் எரியுது படம் வரேல்ல எண்டா பழைய கிராபிக்ஸ் காட் யூ.ஈ.எஃப்.ஐ. தெரியாததா இருக்கலாம், லெகசியை நிப்பாட்டினா அதுக்குப் படம் காட்டத் தெரியாது. கரண்டைக் கழட்டிப்போட்டு, பவர் பட்டனை அரை நிமிசம் அமத்திப் பிடிச்சு, மதர்போட்டில சீமொஸ் (செற்றிங் சேமிச்சிருக்கிற இடம்) அழிக்கிற பட்டனையோ ஜம்பரையோ பாவிச்சு அழியுங்கோ.

எழும்புது, ஆனா இடைக்கிடை நிக்குது எண்டா ஒரு நேரத்தில ஒண்டு மட்டும் மாத்துங்கோ, ஒண்டு மாத்தி ஒரு நாள் பாருங்கோ. சும்மா இருக்கேக்க நிக்குது எண்டா பிறசெசர் நித்திரைக்குப் போற சீ ஸ்ரேற் செற்றிங்கை நிப்பாட்டிப் பாருங்கோ, விண்டோசில பாஸ்ற் ஸ்ராட்டப்பையும் நிப்பாட்டுங்கோ. பாரம் ஏத்தேக்க நிக்குது எண்டா பவர் சப்ளையும் சூடும். ஒரு ஒழுங்கும் இல்லாமல் நிக்குது எண்டா றாமை ஒவ்வொண்டாக் கழட்டிப் பாருங்கோ. அந்த டபிள்யூ.எச்.ஈ.ஏ. குறிப்பை அப்டேற்றுக்கு முந்தினதோட ஒப்பிடுங்கோ, முந்தியும் அதே பிழை இருந்தா அப்டேற்றைத் திட்டாதேங்கோ. முந்தி ஒண்டும் இல்லை, இப்ப தான் நிரம்புது எண்டா, அப்ப மட்டும் பழைய வேர்சனுக்குத் திரும்புங்கோ.

ஒண்டுமே எழும்பேல்ல எண்டா முதல்ல பீப்பை எண்ணுங்கோ. அந்தக் காலத்து எச்.பி.யில சிவப்பு லைற் எட்டுத் தரம் மின்னி எட்டு பீப் எண்டா பயோஸ் பழுது. ஐஞ்சு எண்டா றாம், ஆறு எண்டா கிராபிக்ஸ் காட், இந்த ரெண்டுக்கும் பயப்பிடாதேங்கோ, கழட்டிப் பூட்டினா வரும். எட்டு எண்டா அதே பைலோட யூ.எஸ்.பி.யைக் குத்தி மனுவலில சொன்ன மீட்பு முறையைச் செய்து பாருங்கோ. டெல்லில 2016க்குப் பிறகு வந்தது பெரும்பாலும் கொன்ட்ரோலும் எஸ்கேப்பும் அமத்திக்கொண்டு கரண்ட் வயரைக் குத்த மீட்புத் திரை வரும், அதுக்கு முந்தின பழசுகளில அதை நம்பி இருக்காதேங்கோ.

அதுவும் சரிவராட்டி சிப்பில நேரடியா எழுதிறது தான். கனதரம் எட்டுக் கால் சிப் ஒண்டு, மேல டபிள்யூ 25 கியூ 64 எண்டோ 128 எண்டோ மாதிரி இருக்கும், 64 எண்டா எட்டு எம்.பி., 128 எண்டா பதினாறு. சி.எச். 341 ஏ எண்ட மலிவு புறோகிராமரும் கிளிப்பும் வேணும். கறுப்பு நிறத்தில வாறது டேற்றா வயரில ஐஞ்சு வோல்ற் விடும், 3.3 வோல்ற் சிப்புக்கு அது கூட, திருத்தின வேர்சன் வாங்குங்கோ, சிப் 1.8 வோல்ற் இனமோ எண்டும் இலக்கத்தை வச்சுப் பாருங்கோ. கரண்ட் வயரையும் வட்டப் பற்றரியையும் கழட்டினாப் பிறகு தான் கிளிப்பைக் கவ்வ விடுறது, சிவப்பு வயர் சிப்பில புள்ளி இருக்கிற முதலாம் காலுக்கு.

எழுத முதல் வாசியுங்கோ. ரெண்டு தரம் வாசிச்சு ரெண்டு பைலும் ஒண்டாத் தான் இருக்கோ எண்டு ஒப்பிடுங்கோ, இல்லாட்டி கிளிப் சரியாக் கவ்வேல்ல. வெப்சைற்றில எடுத்த பைலைத் தூக்கி அப்பிடியே சிப்பில எழுதாதேங்கோ, அது கனதரம் பயோஸ் பகுதி மட்டும் தான், சிப்புக்குள்ள அதோட சேத்து நெற்வேர்க் காட்டின்ர மாக் அட்றஸ் (அதின்ர அடையாள இலக்கம்), சீரியல் இலக்கம், இன்ரெல் எம்.ஈ. எண்ட இன்ரெல்லின்ர உள் புறோகிராம் எல்லாம் இருக்கு, அதுகளை அழிச்சா மெஷின் எழும்பினாலும் நெற்வேர்க் எழும்பாது. வாசிச்ச பைலுக்குள்ள பயோஸ் பகுதியை மட்டும் மாத்தி எழுதத் தெரிஞ்ச ஆக்களிட்டக் குடுங்கோ, பழக்கம் இல்லாமல் முதல் தரம் சொந்த மெஷினில பழகாதேங்கோ.

நான் இப்ப கை வைக்கிற மெஷின் எல்லாத்திலயும் நல்லா இருக்கேக்கயே சிப்பை ஒருக்கா வாசிச்சு, அந்த பைலோட செற்றிங் படங்களையும் பழைய பயோசையும் ஒரு பழைய ரெண்டு ஜி.பி. யூ.எஸ்.பி.யில போட்டு, திகதி எழுதி, கேஸுக்குள்ள டிஸ்க் பூட்டுற கூட்டுக்குப் பக்கத்தில ரேப்பால ஒட்டி விடுறன். மச்சான்ர மெஷினிலயும் இருக்கு, அவனுக்கு அது தெரியாது.